திறவுகோல் யார் கையில்?

ஒருவர் மற்றொருவருக்கு எழுதிய மடலை மூன்றாமவர் பிரித்துப் படிக்கலாமா? இக்கேள்வி இணையம் பிறந்த பின்னர் எழுந்ததன்று. அந்தரங்க உரிமை என்பது மேனாட்டார் நமக்களித்த புதுமை என்று கருதுவோர் நம்முள் உளர். அவர்கள் திருமறையின் 'ஹுஜுராத்' அத்தியாயத்தைக் கருத்தூன்றி ஓதுவார்களாக. பிறர் மறைவுகளைத் துருவி ஆராய்வதை அதன் 12ஆம் வசனம் தடை செய்கின்றது. 'நூர்' அத்தியாயமோ, உரியவரின் இசைவு பெறாமலும் ஸலாம் உரைக்காமலும் பிறர் இல்லத்துள் நுழையலாகாது என விதிக்கின்றது.

இவ்விதி ஆள்வோரையும் கட்டுப்படுத்தும் என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். இரவில் நகர்வலம் வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஒரு வீட்டினுள் தகாத ஓசை கேட்டுச் சுவரேறி உள்ளே இறங்கினார்கள். அங்கே ஒருவன் மதுவுடன் இருந்தான். கடிந்துகொண்ட கலீஃபாவிடம் அவன், தான் செய்த பாவம் ஒன்று, கலீஃபா செய்தவையோ மூன்று என்றான். துருவி ஆராய்ந்தது ஒன்று. வாயில் வழியே வாராதது மற்றொன்று. இசைவின்றி நுழைந்தது மூன்றாவது. உமர் (ரலி) அவர்கள் அவனைத் தவ்பாச் செய்யப் பணித்துவிட்டுத் தண்டியாது வெளியேறினார்கள்.

எனினும், பின்வந்த பேரரசுகள் இந்த உயரத்தில் நிற்கவில்லை. அப்பாசியர் ஆட்சியில் 'பரீத்' எனும் அஞ்சல் துறை சிறந்து விளங்கிற்று. அதன் மாகாணத் தலைவரான 'ஸாஹிபுல் பரீத்', மடல்களை அனுப்பும் பொறுப்போடு, அதிகாரிகளின் நடத்தையையும் ஊர்ச் செய்திகளையும் தலைநகருக்கு அறிவிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். செய்தி சுமந்த துறையே வேவும் பார்த்தது.

இத்தகைய காலத்தில் மறைவெழுத்துக் கலை வளர்ந்தது வியப்பன்று. 'அரபியரின் தத்துவஞானி' எனப் புகழ்பெற்ற அல்கிந்தி, 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் மறைவெழுத்தை விடுவிக்கும் முறை பற்றி ஒரு ரிஸாலா இயற்றினார். இஸ்தான்பூலின் சுலைமானியா நூலகத்தில் நெடுநாள் உறங்கிய அதன் கையெழுத்துப் பிரதி, 1987இல் திமிஷ்கில் பதிப்பிக்கப்பெற்றது. அவர் கண்ட உண்மை எளியது. ஓர் எழுத்துக்குப் பதிலாக வேறொரு குறியை இட்டு எழுதினும் மொழியின் இயல்பு மாறுவதில்லை. அரபியில் அலிஃபும் லாமும் மிகுதியாக வரும். மறைமடலில் எக்குறி மிகுந்து வருகின்றது என எண்ணிப் பார்ப்பவனுக்கு மூல எழுத்து தானே புலப்படும். நீண்ட மடலாயின் வேலை இன்னும் எளிது.

குறியை மாற்றும் உத்தியையே காவலாக நம்பியவர்களின் நம்பிக்கை அன்றே தகர்ந்தது. இதிலிருந்து எழும் பாடத்தை 1883இல் பாரிஸில் வாழ்ந்த மொழியாசிரியர் அகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் இலக்கணமாக வகுத்தார். பூட்டின் அமைப்புப் பகைவன் கைக்குக் கிட்டினும் தீங்கு நேரலாகாது. மறைக்கத்தக்கது திறவுகோல் ஒன்றே என்பது அதன் சாரம். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர், முன்பின் சந்தியாதோரும் மறைவாய் மடல் பரிமாறும் வழியைக் கண்டு, அதனை உலகறிய வெளியிட்டனர்.

1991இல் ஃபில் ஸிம்மர்மன் என்னும் அமெரிக்கர், எளியோரும் தம் மடல்களைப் பூட்டிக்கொள்ள 'பி.ஜி.பி.' எனும் மென்பொருளை இலவசமாக வழங்கினார். மறைவெழுத்து மென்பொருளைப் போர்க்கருவியாகக் கருதிய அந்நாட்டுச் சட்டத்தின்கீழ் 1993இல் அவர்மீது விசாரணை தொடங்கிற்று. அம்மென்பொருளின் மூலநிரல் 1995இல் அச்சு நூலாகவே வெளிவந்தது. நூலைப் போர்க்கருவி என்று யாரால் தடுக்க இயலும்? 1996இல் வழக்கேதும் தொடராமலே விசாரணை கைவிடப்பட்டது.

முறை திறந்திருக்கட்டும், மனிதனின் அந்தரங்கம் மூடியிருக்கட்டும் என்பதே இவ்வரலாறு காட்டும் நெறி. ஆனால் நம் காலத்துப் பெருநிறுவனங்கள் இதனைத் தலைகீழாக்கிவிட்டன. மனிதன் திறந்து கிடக்கின்றான்; அவனை எடைபோடும் முறையோ பூட்டி வைக்கப்பட்டுள்ளது.

2018இல் வெளியான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் இதனை வெட்டவெளிச்சமாக்கிற்று. ஃபேஸ்புக்கில் ஒரு வினாவிடைச் செயலியை நிறுவியோர் ஏறத்தாழ 2,70,000 பேர். அவர்தம் நண்பர்கள் வாயிலாக 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோரின் விவரங்கள் அவர்கள் அறியாமலே கசிந்தன என அந்நிறுவனமே மதிப்பிட்டது. அவருள் இந்தியர் 5,62,000க்கும் மேற்பட்டோர். அமெரிக்கத் தேர்தல் பிரசாரத்தில் ஈடுபட்ட ஒரு நிறுவனத்தின் கைக்கு அவ்விவரங்கள் சென்றிருந்தன. இதனால் மாறிய வாக்குகள் எத்தனை என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் கேடு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. மேடையில் ஒருவன் பொய்யுரைத்தால் எதிர்மேடை மறுத்துரைக்கும். ஒவ்வொருவனின் அச்சத்தையும் ஆசையையும் அறிந்து, அவனவன் செவியில் தனித்தனியே ஓதப்படும் பொய்யை மறுப்பவர் யார்? பலரறிய வாதிடுதல் மக்களாட்சியின் உயிர். அவ்வாதத்திற்கே இடமில்லாது போகின்றது.

இனி, திறந்த மூல மென்பொருளைப் பற்றிச் சிறிது நோக்குவோம். மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இசையும் மென்பொருள் அது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய 'க்னூ' திட்டம் இந்நெறிக்கு ஓர் இயக்கத்தின் வடிவம் தந்தது. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்நெறி அந்நியமன்று. 'இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார்' என்னும் ஸனதைக் காட்டாத செய்தியை முஹத்திஸ்கள் ஏற்றதில்லை. துருவி ஆராய்வதைத் தடுத்த அதே மார்க்கத்தில், அறிவிப்பாளரின் குறை நிறைகளை வெளிப்படையாக எடைபோடும் 'ஜர்ஹு வ தஃதீல்' எனும் கலை வளர்ந்தது. அது புறம்பேசுதல் ஆகாது என இமாம்கள் தெளிவுபடுத்தினர். தனிமனிதனின் வீடு மறைவுக்குரியது. பொது நம்பிக்கையைச் சுமப்பவனோ ஆய்வுக்குரியவன். இவ்விரண்டையும் பிரித்தறிந்ததே நம் முன்னோரின் நுண்மை.

ஸனது இருந்தால் மட்டும் போதாது, அதனை ஆராய்வோரும் வேண்டும். 2024 மார்ச்சில் நடந்ததைக் காண்க. உலகெங்கும் பயன்படும் 'எக்ஸ்இஸட்' எனும் திறந்த மென்பொருளில், புனைபெயரில் ஈராண்டுக்கு மேலாக உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தார். கணினியுள் நுழைய வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், துருவிச் சென்று அதனை வெளிப்படுத்தினார். நல்லவர் போல் நடித்து ஹதீஸ் புனைந்தோரும் இவ்வாறே பிடிபட்டனர். நிரல் மூடியிருந்திருப்பின் அவர் அதனைப் படித்தறிய வழி ஏது?

2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என ஒருமித்துத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு காவலாகும், ஆயினும் தன் கதவைத் தானே திறந்து வைப்பவனுக்கு எக்காவலும் பயன்படாது. நாம் நாள்தோறும் கையாளும் வாட்ஸ்அப் 2016 முதல் மடல்களின் உள்ளடக்கத்தைப் பூட்டி அனுப்புகின்றது. ஆனால் அச்செயலியின் நிரல் திறந்ததன்று. 'சிக்னல்' போன்றவற்றில் மடல் பூட்டியும் நிரல் திறந்தும் உள்ளன. ஜமாஅத்துகளின் குடும்பப் பதிவேடுகளும், மதரஸாக்களின் மாணவர் விவரங்களும், ஸகாத் பெறும் ஏழைகளின் பெயர்களும் இன்று கணினிக்குள் ஏறுகின்றன. அவை அமானிதங்கள். எந்த மென்பொருளில் அவற்றை வைக்கின்றோம், அதன் நிரலை ஆராய்ந்தோர் உளரா, திறவுகோல் யாரிடம் உள்ளது என்று வினவாமல் ஒப்படைப்பது அமானிதத்தைப் பேணுவதாகாது. இதனை நம் நிர்வாகிகள் மஷூராவில் வைத்து முடிவு செய்வார்களாக.