பதினாறாம் நாளும் பதினாறு அமர்வும்

தென்பெண்ணையின் வடகரையில் இருக்கிறது சோரியாங்குப்பம். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் இருக்கும் இந்தக் கடைக்கோடி ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடுத்து என்ன செய்வது என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. பந்தலுக்கு ஓர் ஆள், மேளத்துக்கு ஓர் ஆள், ஐஸ் பெட்டிக்கு ஓர் ஆள் கிளம்பிவிடுவார்கள். அந்த வீட்டு அடுப்பு அணைந்திருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும். எடுத்த மறுநாள் பால் தெளிப்பு, பிறகு பதினாறாம் நாள் காரியம், படையல். துக்கத்துக்கு இந்த வட்டாரம் தலைமுறைகளாக எழுதிவைத்த கால அட்டவணை இதுதான்.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு முறை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர், தீராத துக்கத்தில் சிக்கியவர்களுக்காக ஒரு பேச்சுச் சிகிச்சையை உருவாக்கினார். அதன் பலனைக் காட்டும் ஆய்வு 2005இல் வெளியானது. அந்தச் சிகிச்சையில் இருப்பவை பதினாறு அமர்வுகள். எண் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் உள்ளே நடப்பது ஒத்துப்போவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

அந்தச் சிகிச்சையில், இறப்பு நேர்ந்த கணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு, நடப்பது போலவே சொல்லச் சொல்கிறார்கள். சொன்னதைப் பதிவு செய்து, வீட்டில் மறுபடி கேட்கச் சொல்கிறார்கள். பின்னொரு கட்டத்தில் இறந்தவர் எதிரே இருப்பதாக எண்ணி அவரோடு பேச வைக்கிறார்கள். நம் ஒப்பாரியும் இதைத்தான் செய்கிறது. புதிதாக ஒருத்தி வாசலில் நுழைந்ததும் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருகிறார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம், யார் வருவதற்குள் மூச்சு நின்றது என்று முழுக்கதையும் திரும்ப வருகிறது. எல்லாமே இறந்தவரை நேரே பார்த்து, ‘நீ’ என்று விளித்து. அடுத்த உறவு வந்து இறங்கினால் கதை மறுபடி முதலிலிருந்து. ஒரே நாளில் இருபது முறை சொல்லும்போது, நம்ப முடியாத ஒன்றை நாக்கு முதலில் ஏற்கிறது. மனம் அதன் பின்னால் வருகிறது.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய அந்தப் படிகள், தங்கள் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி அறிந்தவை. பிரிந்து தவிப்பவர்கள் மேல் அவற்றைப் பிற்பாடு ஏற்றினார்கள். அதைவிட, ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் சொன்னது சாவு வீட்டுக்கு நெருக்கமாக இருக்கிறது. துக்கப்படுபவர் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே போய்ப் போய் வருகிறார். அந்தப் போக்குவரத்துதான் தேற்றுகிறது என்றார்கள். மார்பில் அடித்து அழுத பெண் அடுத்த கால் மணி நேரத்தில் எழுந்து, படையலுக்கு அரிசி எத்தனை படி என்று கணக்குச் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அது கல்நெஞ்சு அல்ல.

முதல் பதினாறு நாளைப் பொறுத்தவரை என் தீர்ப்பு ஊர்ப் பக்கம்தான். ஓர் அறை, ஒரு மருத்துவர், முக்கால் மணி நேரம் என்ற ஏற்பாட்டால், பிடித்துக்கொள்ள இருபது தோள்களைக் கொடுக்க முடியாது.

ஆனால் இதே பதினாறு நாளுக்குள் ஊர் செய்யும் கொடுமையையும் சொல்லியாக வேண்டும். கணவனை இழந்தவளை உட்காரவைத்து, பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் பறிக்கிறார்கள். தாலியையும் கழற்றுகிறார்கள். கதறலோடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது. அதற்கப்புறம் நல்ல காரியங்களில் அவளை முன்னால் நிற்க விடுவதில்லை. இதைத் துக்கத்தின் பகுதி என்று சொல்லக்கூடாது, இது தண்டனை. ஆண்களுக்கோ ஒப்பாரி கிடையாது. பந்தலின் ஓரத்தில் நிற்பவனுக்குச் சாராயத்தைத் தவிர அழுவதற்கு இடம் இல்லை.

இன்னொரு இடத்திலும் ஊர்முறை கைவிடுகிறது. தற்கொலை நடந்த வீட்டில், கதையைச் சொல்லி அழ முடிவதில்லை. எப்படி நடந்தது என்று சொல்லத் தொடங்கினாலே ஏன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி ஊர்வாயில் பழியாக மாறும். பிரேதப் பரிசோதனை முடிந்து வந்ததும் அவசரமாக எடுத்துவிடுகிறார்கள். இந்தியாவில் தற்கொலை விகிதம் மிக அதிகமான பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று என்பதால், இது எங்கோ அபூர்வமாக நடக்கும் சங்கதி அல்ல. இப்படிப்பட்ட வீட்டுக்குக் கதவைச் சாத்திய அறைதான் தேவை. அங்கே சொன்னது வெளியே போகாது; யாரும் பழி சொல்ல மாட்டார்கள்.

இரண்டு முறைகளின் கடிகாரமும் வேறுவேறு. காரியம் முடிந்ததும் “இனிமே ஆகவேண்டியதைப் பாரும்மா” என்று சொல்லிவிட்டு உறவு பஸ் ஏறுகிறது. மருத்துவமோ அதற்குள் துக்கத்தை நோய் என்று சொல்லத் தயாராக இல்லை, அது நியாயம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியல், கடுமையான துக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் வாழ்வை முடக்கினால்தான் அதற்கு நோய்ப் பெயர் கொடுக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. நெருங்கியவரை இழந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அந்த நிலைக்குப் போகிறார்.

ஆக, ஊர் பதினாறாம் நாளில் எழுந்து போகிறது. மருத்துவம் ஆறாம் மாதத்தில்தான் வந்து உட்காருகிறது. நடுவில் ஐந்தரை மாதம். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், வங்கிக் கணக்கு, விதவை உதவித்தொகை மனு என்று ஒவ்வொரு மேசையிலும் “அவர் செத்துட்டார்” என்று கணவனை இழந்தவள் தனியாகச் சொல்ல வேண்டிய மாதங்கள் அவை. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா நடக்கும். துக்க வீடு அந்த வருடம் பண்டிகை கொண்டாடுவதில்லை. சோகமாக இருக்க ஒரு வருடம் அனுமதி கிடைப்பது நல்லதே. ஆனால் ஊரே ஆற்றில் கூடியிருக்கும் நாளில் அந்த வீட்டு வாசலைத் தாண்டி யாராவது உள்ளே போகிறார்களா?

உதவி வெகுதூரத்தில் இல்லை. கோரிமேட்டு ஜிப்மருக்குப் புதுச்சேரி போய் பஸ் மாற வேண்டும் என்றாலும், பாகூர் கொம்யூனிலேயே கிருமாம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தடுப்பது தூரம் அல்ல, “பைத்தியத்துக்குப் பாக்கிற டாக்டரா?” என்ற கேள்விதான். அந்தக் கேள்வியை முதலில் நிறுத்த வேண்டியவர்கள் நாம்.

பிறகு செய்ய வேண்டியது சிறிதுதான். முப்பதாம் நாள் ஒருமுறை, அறுபதாம் நாள் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போங்கள். இறந்தவர் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். கதையை அவர்கள் மறுபடி சொன்னால் முழுக்கக் கேளுங்கள். கொம்யூன் அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். ஆறு மாதம் கழிந்தும் சோறும் தூக்கமும் திரும்பாவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ‘நானும் போயிடறேன்’ என்ற பேச்சு எந்த நாளில் வந்தாலும், ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள், அவரைத் தனியாகவும் விடாதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.