எல்லைக்கோடும் நீரோட்டமும்: கழுவேலிக் காப்பை முன்வைத்து

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், வானூர் வட்டங்களில் விரிந்துகிடக்கும் கழுவேலி, தமிழகத்தில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் நிலை. 2021 டிசம்பரில் அதன் 5,151.6 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இரண்டும் சூழலியல் இயக்கத்தின் வெற்றிகளாகவே பேசப்பட்டன. அப்படிப் பேசுவதில் தவறில்லை. ஆனால் இந்த இரு அறிவிப்புகளும் ஒன்றுக்கொன்று முரணான இரு கொள்கைகளின் பிள்ளைகள். அந்த முரணை இயக்கத்தில் பறவைகளுக்காகப் பேசுவோரும் மக்களின் பிழைப்புக்காகப் பேசுவோரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் வாதம்.

முதலில் நிலத்தின் இயல்பு. வடகிழக்குப் பருவமழையில் திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்து வரும் நீரே கழுவேலியின் நன்னீர். அது உப்புக்கல்லி ஓடை வழியாக எடையன்திட்டு முகத்துவாரத்தை அடைந்து கடலில் கலக்கிறது. மழை ஓய்ந்தபின் ஓதம் ஏறும்போது கடல்நீர் அதே வழியில் உள்ளே வருகிறது. ஆழமில்லாத இந்தச் சதுப்பில் நன்னீர் ஒரு முனையிலும் உவர்நீர் மறுமுனையிலும் நின்று, பருவந்தோறும் இடம் மாறுகின்றன. பூநாரையும் கரைப்பறவைகளும் இரை தேடுவதும், இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் வளர்வதும் இந்த மாற்றத்தை நம்பித்தான். கழுவேலிக்கு உயிர்கொடுக்கும் இரு நீர்களின் ஊற்றுக்கண்ணும் சரணாலய எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஒரு ஏரியின் வரத்துக்கால்வாய் மனைப்பிரிவாக மாறினால் எல்லைக்கல் நட்ட இடத்தில் எதுவும் நடந்திருக்காது. சதுப்பில் மட்டும் நீர் குறைந்திருக்கும்.

கழுவேலியைச் சுற்றி இறால் பண்ணைகள் பெருகிய கதையை நாகப்பட்டினத்தை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே காந்தியவாதி எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இறால் வளர்ப்பு கடற்கரையை விட்டால் வேறிடத்தில் நடத்தவே முடியாத தொழில் அல்ல என்றது. ஆகவே 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அது அந்த மண்டலத்துக்குள் கூடாது என்பதே முடிவு. விளைநிலமும் குடிநீரும் உவர்ப்பாவது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட சான்றுகளில் முதன்மையானது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, முன்தேதியிட்ட விலக்கின் மூலம் தீர்ப்பின் முதுகெலும்பை முறித்தது. சுற்றுச்சூழல் வழக்குகள் வளர்ச்சியைத் தடுத்துவிட்டன என்று புலம்புவோர் இந்த வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். வென்ற வழக்கையே சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் தோற்பது நம் இயக்கங்களுக்குப் புதிதல்ல.

கோடு போடும் அரசியலுக்கு விழுப்புரம் மாவட்டத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்து 2019 ஜூனில் நடந்த மனிதச்சங்கிலி மரக்காணத்தில் தொடங்கி இராமேசுவரத்தில் முடிந்தது. 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களையும் உள்ளடக்கியது. விழுப்புரம் அதில் இல்லை. சங்கிலியின் முதல் கண்ணியாக நின்ற ஊர் கோட்டுக்கு வெளியே போனது.

பறவைக்காகப் பேசுவது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு, ஏழைக்கு வேண்டியது வயிற்றுப்பாடு என்ற குற்றச்சாட்டு பழையது. ராமச்சந்திர குஹாவும் ஹுவான் மார்தினெஸ் அலியெரும் ‘ஏழைகளின் சூழலியல்’ என்ற கருத்தை முன்வைத்து அதற்குப் பதில் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கழுவேலியில் அந்தப் பதிலும் முழுமையாகப் பொருந்தவில்லை. இங்கே இரு பக்கமும் பிழைப்புதான். அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும் முகத்துவாரத்தை ஒட்டி மீன்பிடித் துறைமுகங்கள் அமைக்கும் திட்டம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. படகு நிறுத்த இடம் தேடுபவரும் மீனவர், முகத்துவாரத்தில் கையால் நண்டு பிடிப்பவரும் மீனவர். வேறுபாடு முதலின் அளவில் இருக்கிறது. முகத்துவாரத்தில் கல் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர் வடக்கு நோக்கிய மணல் நகர்வை மறித்தது. அரிப்பு புதுச்சேரியோடு நிற்காமல் விழுப்புரம் மாவட்டத்துப் பொம்மையார்பாளையம் வரை ஏறியது. ஓர் ஆட்சி எல்லையில் எடுத்த முடிவுக்கு மற்றொரு எல்லைக்குட்பட்ட குப்பங்கள் வீடுகளைக் கொடுத்தன.

இனி அந்த முரண். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அடிப்படையில் மனிதரை விலக்கிக் காக்கும் சட்டம். 1971இல் உருவான ராம்சார் உடன்படிக்கையோ ஈரநிலத்தின் அறிவார்ந்த பயன்பாட்டை வலியுறுத்துவது. ஒரே 5,151.6 ஹெக்டேரில் இரண்டும் இப்போது அமர்ந்திருக்கின்றன. விலக்கிக் காப்பதன் விளைவை 1982இல் ராஜஸ்தானின் பரத்பூர் பறவைக் காப்பகம் காட்டியது. மேய்ச்சல் தடையால் எழுந்த மோதலில் காவல்துறை சுட்டு உயிர்கள் போயின. எருமைகள் வெளியேறியபின் புல் மண்டி நீர்ப்பரப்பு மூடிக்கொண்டதையும் பறவைகளுக்கு அது கேடானதையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடுநாள் ஆய்வே பதிவு செய்தது. எதிர்ச்சான்று நம் பக்கத்து வேடந்தாங்கல். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதால் ஊரார் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்தார்கள். அவர்களுடைய பயன்பாடே காவலாக இருந்தது.

கழுவேலியில் அப்படிப் பயன்படுத்துவோர் யார்? சதுப்பில் மீனும் இறாலும் தடவிப் பிடிக்கும் இருளர், மாடு மேய்ப்போர், சிறு வலைக்காரர். இவர்களில் பெரும்பாலோரிடம் பட்டா இல்லை. பண்ணை முதலாளியிடம் ஆவணம் உண்டு. ஆகவே உரிமைகளைத் தீர்மானிக்கும் விசாரணை என்று வரும்போது எவர் குரல் பதிவாகும் என்பது முன்னரே முடிவாகிவிடுகிறது. இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. சரணாலயத்துக்குள் ஓர் உரிமை தொடர்வதற்கு, தலைமை வனவிலங்குக் காப்பாளரைக் கலந்து ஆட்சியர் அனுமதிக்கலாம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நீர்நிலைகளின் மீனையும் பிற விளைபொருளையும் மேய்ச்சலையும் உரிமைகளாகவே ஏற்கிறது. அது சொல்லும் வனநிலத்தில் சரணாலயமும் அடக்கம்.

ஆனால் பழங்குடியாக அந்த உரிமையைக் கோர ஒருவர் தம்மைப் பழங்குடி என்று நிறுவ வேண்டும். திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணியின் முன்னெடுப்பில் இயங்கிவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் நெடுங்காலமாகப் போராடி வருவது இந்தச் சாதிச் சான்றிதழுக்காகவும்தான். சூழலியல் எழுத்துகளில் அந்தப் போராட்டம் சமூகநீதிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது, கழுவேலிக் கணக்கில் வருவதில்லை. பறவைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் கிடைக்கிறார்கள். கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிலுவையில் கிடக்கும் சான்றிதழ் மனுக்களைக் கணக்கெடுக்கவும் அவர்களில் சிலராவது போகலாம். சதுப்பில் யார் எந்தப் பருவத்தில் எங்கே மீன் பிடிக்கிறார்கள் என்ற பயன்பாட்டு வரைபடம் இல்லாமல் எழுதப்படும் மேலாண்மைத் திட்டம், வேலி எங்கே போடுவது என்பதை மட்டுமே சொல்லும்.