சினத்தை அளந்த சட்டம்

குற்றஞ் சாட்டப்பட்ட எவருக்கும் தம் கட்சியை எடுத்துரைக்கும் உரிமை வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இருக்க முடியாது. அவ்வுரிமையை மறுக்கும் நீதிமன்றம் கொலைக்களத்துக்கே ஒப்பாகும். ஆனால், வீட்டுச் சுவர்களுக்குள் நிகழ்ந்த வன்முறைக்காகக் கூண்டில் நிறுத்தப்பட்டோருக்குச் சட்டம் அனுமதித்த எதிர்வாதங்கள் யாருடைய வாழ்வை அளவாகக் கொண்டு வகுக்கப்பட்டன? இங்கிலாந்தின் சட்ட வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகின்றது.

1351ஆம் ஆண்டின் இராசத்துரோகச் சட்டம், மனைவி கணவனைக் கொல்வதை வெறுங் கொலையாகக் கொள்ளவில்லை. குடி அரசனுக்கு இழைக்கும் துரோகத்தை ஒத்த 'சிறு துரோகம்' என்றே கொண்டது. அவளுக்குத் தண்டனை எரித்தல். மனைவியைக் கொன்றவனுக்கோ தூக்கு. எரிக்கும் தண்டனை 1790இலும், 'சிறு துரோகம்' என்னும் குற்றம் 1828இலுமே ஒழிந்தன.

ஆண்மகனின் சினத்தையோ சட்டம் பரிவுடன் நோக்கிற்று. தன் மனைவியுடன் கூடியிருந்தவனைக் கண்ட அக்கணத்திலேயே அடித்துக் கொன்ற மானிங் என்பவனின் செயல், 1671இல் கைமோசக் கொலை என்றே தீர்க்கப்பட்டது. கையில் மெல்லச் சூடிடுவதே அவனுக்குத் தண்டனையாயிற்று. 1707இல் பிரதம நீதியரசர் ஹோல்ற், மனைவியின் சோரத்தைக் கணவனின் உடைமைமீது நிகழும் ஆகப் பெரிய அத்துமீறலாகக் கருதினார். மனைவியை உடைமையாக எண்ணிய சமுதாயமே சினமூட்டல் என்னும் எதிர்வாதத்துக்கு உருக்கொடுத்தது என்பதை இதனின்றும் நாம் உணரலாம்.

நெடுங்காலம் அடியுண்டவளின் நிலை யாது? கொடுமை செய்த கணவன் படுக்கையில் கிடந்தபோது அவனை வெட்டிக் கொன்ற டஃபி என்னும் பெண்ணின் வழக்கு 1949இல் மேன்முறையீட்டுக்கு வந்தது. தன்னடக்கத்தைச் சடுதியாகவும் தற்காலிகமாகவும் இழந்திருத்தல் வேண்டும் என நீதியரசர் டெவ்லின் யூரிமாருக்குக் கூறிய விளக்கத்தை மேன்மன்றம் ஏற்றது. நீண்ட நாட் கொடுமை பழிவாங்கும் எண்ணத்தைத் தூண்டுமேயன்றிச் சினமூட்டலாகாது என்பது அதன் சாரம். உடல் வலிமை மிக்கவன் அக்கணமே திருப்பித் தாக்குகிறான். வலிமை குன்றியவளோ அஞ்சிக் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பையே சட்டம் அவளுக்கு எதிரான சாட்சியாக்கியது!

பத்தாண்டு காலம் அடியும் மிரட்டலும் அனுபவித்த கிரன்ஜித் அலுவாலியா, 1989இல் உறங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்தார், கணவன் இறந்தான். கொலைக் குற்றவாளியெனக் காணப்பட்ட அவருக்கு ஆயுட்சிறை கிடைத்தது. 'சவுத்ஹோல் கறுப்புச் சகோதரிகள்' என்னும் அமைப்பின் இயக்கத்தைத் தொடர்ந்து, 1992இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. கைமோசக் கொலையாளியாக, அதுவரை கழித்த சிறைவாசத்தோடு அவர் விடுதலையானார். ஆனால் எக்காரணத்தால்? அவருடைய சினத்தை மன்றம் ஏற்கவில்லை. மனம் நோயுற்றிருந்தது என்பதையே கருத்திற் கொண்டது. கணவனின் சினம் மனித இயல்பு. மனைவியின் சினம் மனநோய்!

2009ஆம் ஆண்டின் சட்டம் பழைய சினமூட்டல் எதிர்வாதத்தை நீக்கியது. 2010 முதல் தன்னடக்க இழப்பு சடுதியாக நிகழ்ந்திருத்தல் கட்டாயமன்று. வன்முறைக்கு அஞ்சிய அச்சமும் காரணமாகலாம். துணைவரின் சோரம் தனித்த காரணமாகாது. முந்நூறு ஆண்டுகளைக் கடந்த கணக்கொன்று ஓரளவேனும் திருத்தப்பட்டது.

இது பிறநாட்டுக் கதையெனத் தள்ளிவிட இயலாது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1883இல் இயற்றப்பட்ட நமது தண்டனைச் சட்டக்கோவையும் 'கடுமையானதும் சடுதியானதுமான' சினமூட்டலையே விதிவிலக்காக எழுதிவைத்தது.

கணவனிடமிருந்து எதிர்வாத உரிமையைப் பறித்தல் வேண்டும் என நாம் கூறவில்லை. கூண்டில் நிற்பவர் ஆணாயினும் பெண்ணாயினும், அவர் வாழ்ந்த வாழ்வு முழுவதும் மன்றத்தின் முன் வைக்கப்படல் வேண்டும் என்றே கூறுகின்றோம். ஒரு சாராரின் கையால் அளந்த முழக்கோல் எல்லோருக்கும் நீதி அளக்காது.