சேர்த்துக்கொண்டோர் கடன்: ஒன்ராறியோக் கல்லூரி மாணவரின் ஆயத்தக் குறைபாடு பற்றி ஓர் ஆராய்ச்சி

கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவர் பின்னமும் விழுக்காடும் அறியாதவராகவும், ஒரு பக்க அளவேனும் கோவையாக எழுத மாட்டாதவராகவும் இருக்கின்றனரென்று விரிவுரையாளர் உயர்நிலைப் பள்ளியை நோவதும், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் தொடக்கப் பள்ளியை நோவதும், தொடக்கப் பள்ளியார் வீட்டையும் கைத்தொலைபேசியையும் நோவதும் ரொறன்ரோவில் கல்வி பற்றி எழும் உரையாடல்களில் தவறாது நிகழ்வன. இவ்வாறு படிப்படியாகக் கீழிறங்கும் பழி, பிள்ளையைப் பெற்ற தாயிடம் வந்தபின் மேற்கொண்டு செல்ல இடமின்றி அங்கேயே தங்கிவிடுகிறது. குறை எங்கே தோன்றிற்று என்பது ஒரு விசாரணை; அதைத் தீர்க்கும் கடமை இப்போது யாருடையது என்பது வேறொரு விசாரணை. முன்னதற்கு விடை பலவாயினும், பின்னதற்கு விடை ஒன்றே என்பதும், மாணவனைச் சேர்த்துக்கொண்ட ஸ்தாபனமே அக்கடமைக்கு உரியது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

குறைபாடு கற்பனையன்று. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் செனெக்கா கல்லூரி முன்னின்று நடத்திய கல்லூரிக் கணித ஆய்வுத் திட்டம், முதற் பருவக் கணிதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாணவர் தேறாமலோ, தேறியும் மிகத் தாழ்ந்த தரத்திலோ நின்று, படிப்பையே முடிக்கமாட்டாத அபாயத்தில் இருந்தமையைக் காட்டிற்று. யோர்க் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாரான போல் கிரேசனும் அவரோடு சேர்ந்தோரும் நான்கு பல்கலைக்கழகங்களில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்விலோ, உயர்கல்விக்கு வேண்டிய பொதுத் திறன்கள் போதிய அளவு உடையவர் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேரே எனவும், இடர்ப்படும் நிலையினர் 41 பேர் எனவும், அத்திறன்கள் அநேகமாக இல்லாதவர் 16 பேர் எனவும் கண்டனர். இவை மாணவர் தம்மைப் பற்றித் தாமே கூறியவற்றைக் கொண்டு கணித்தவையாதலின் எச்சரிக்கையுடன் கொள்ளத்தக்கன. எனினும் தம் திறமையைக் குறைத்துச் சொல்லுவோரைக் காட்டிலும் கூட்டிச் சொல்லுவோரே உலகில் மிகுதி.

பள்ளியின் பங்கை மறுப்பதற்கில்லை. மாகாணம் முழுவதற்கும் பொதுவாக நடந்துவந்த 13ஆம் வகுப்புப் பரீட்சை 1967ஆம் ஆண்டோடு ஒழிந்தபின், கற்பித்த ஆசிரியரே புள்ளியும் வழங்க, அப்புள்ளியையே பல்கலைக்கழகங்கள் நுழைவுக்குரிய பிரமாணமாகக் கொள்ளத் தொடங்கின. பின்னர் ஐந்தாண்டு உயர்நிலைப் படிப்பு நான்காண்டாகச் சுருக்கப்பட்டு, அதன் பயனாக 2003ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இரண்டு வகுப்பு மாணவர் ஒருங்கே உயர்கல்வியின் வாயிலில் வந்து நெருக்கினர். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்து ஸ்காபரோவில் குடியேறிய நம்மவரோ, யாரென்று அறியாத பரீட்சகர் திருத்தும் உயர்தரப் பரீட்சையின் நினைவை உடன் கொணர்ந்தவராதலின், மகன் பெற்ற தொண்ணூற்றைந்து புள்ளியை அவ்வூர்ப் பெறுபேற்றுக்கு ஒப்பாகவே எண்ணி மகிழ்ந்து, முதலாண்டு முடிவில் அவன் தலைகுனிந்து வருங்கால் சோம்பலென்று அவனையே ஏசுகின்றனர். அவன் சோம்பேறியாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே எண் இரண்டு நாடுகளில் இரண்டு பொருள் தருவதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

கல்லூரிகளின் வழக்கோ வேறுவகையினது. 1965இல் கல்வி அமைச்சராயிருந்த வில்லியம் டேவிஸ் சட்டம் கொணர்ந்து, அடுத்த ஆண்டே ஸ்காபரோவில் சென்ரெனியல் கல்லூரியைத் தொடக்கமாகக் கொண்டு தோற்றுவித்த இக்கல்லூரிகள், பல்கலைக்கழகம் செல்லாதவருக்கென்றே, உயர்நிலைச் சான்றிதழ் உடையோரும், அஃதின்றி 19 வயது நிரம்பியோரும் புகுமாறு வாயில் அகலத் திறந்து அமைக்கப்பட்டவை. ஆகவே, ஆயத்தமற்ற மாணவன் வந்தானே என்று அவை வியப்பது, இலவச வைத்தியசாலை தன்னிடம் நோயாளிகளே வருகின்றனரென்று முறையிடுவதைப் போன்றதாகும். குறைபாட்டோடு வருபவனை ஏற்றுக் கைதூக்கிவிடுதல் அவற்றின் மேல் பிறர் சுமத்திய பாரமன்று. பிறப்பிலேயே அவை ஏற்ற விரதம்.

அவ்விரதம் பணத்தால் தளர்ந்தது. உள்நாட்டு மாணவரின் கட்டணத்தை 2019இல் நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்து, அந்நிலையிலேயே அரசு நிறுத்திவைத்தது. அதனால் வெளிநாட்டு மாணவரின் கட்டணமே கல்லூரிகளுக்குப் பெரும்பற்றுக்கோடாயிற்று. மாகாணத் தலைமைக் கணக்காய்வாளர் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020–21ஆம் ஆண்டில் மாணவர் தொகையில் நூற்றுக்கு 30 பேரான வெளிநாட்டாரிடமிருந்து கட்டண வருவாயில் நூற்றுக்கு 68 பங்கு வந்தது. அவருட் பெரும்பாலார் இந்தியர். பஞ்சாபிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ நிலத்தை ஈடுவைத்து வந்த இளைஞனின் ஆங்கிலம் போதாதெனின், அவனுடைய விண்ணப்பத்தை ஏற்றவர், கட்டணத்தைப் பெற்றவர் யார்? இவனளவில் கல்லூரி பழிபோட ஒன்ராறியோப் பள்ளி ஒன்றுகூட இல்லை. கற்பிப்போர் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது: 2017இல் ஏறத்தாழ 12,000 கல்லூரி ஆசிரியர் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்தமைக்கு, பருவந்தோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் உழல்வோர் பெருகியதே முக்கியக் காரணங்களுள் ஒன்று.

கடமை சேர்த்துக்கொண்ட ஸ்தாபனத்தினதே என்னும் துணிபுக்கு வலிய சான்று, ஒன்ராறியோ உயர்கல்வித் தர மன்றம் 20 கல்லூரி, பல்கலைக்கழகங்களில் மாணவரின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்து 2018இல் வெளியிட்ட முடிவேயாகும். படிப்பை முடித்து வெளியேறும் தறுவாயில் இருந்தோருள்ளும் நால்வரில் ஒருவர் போதிய நிலையை எட்டவில்லை. உள்ளே வந்தவனின் குறையைப் பள்ளியின் மேல் ஏற்றலாம். சில ஆண்டு கட்டணம் செலுத்திப் பட்டத்தோடு புறப்படுபவனின் குறையை எங்ஙனம் ஏற்றுவது?

மாகாணப் பொதுப் பரீட்சையை மீட்டால் போதுமென்பார் கூற்றில் பாதி நியாயம் உண்டு. அது புள்ளிகளின் பொய்மையைப் போக்கும். ஆயின் அப்பரீட்சையில் தேறாதவன் மறைந்துபோவதில்லை. 19 வயது நிரம்பியதும் அதே பின்னக் கணக்கோடு அதே கல்லூரி வாயிலில் வந்து நிற்பான். அங்கே முதற் பருவத்தில் அவனுக்கு அதைக் கற்பிக்க நிரந்தர ஆசிரியர் ஒருவரேனும் அமர்த்தப்பட்டிருக்கிறாரா என்பதைக் கல்லூரியின் வரவுசெலவுத் திட்டத்தைக் கொண்டே அறிதல் வேண்டும்.