நெல்லூர்க் காளையின் வம்சாவளி



காஞ்சி மாநகரை அடுத்து, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்தது எங்கள் திருப்பருத்திக்குன்றம். இவ்வூர்த் திரைலோக்கியநாதர் கோயில் மண்டபத்தின் விதானத்தில், முதல் தீர்த்தங்கரராகிய ரிஷபதேவரின் வரலாறு ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளது. அவருக்குரிய சின்னம் காளை.

என் இளமையில், அக்கோயில் வழியே நெல் ஏற்றிச் சென்ற வண்டிகள் சிலவற்றில், வெண்ணிறமும் உயர்ந்த திமிலும் கொண்ட பெருங்காளைகள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றை 'நெல்லூர் மாடு' என்பர் பெரியோர். அம்மாட்டின் வம்சம் கடல் கடந்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

அதன் தாயகம் குண்டலகம்மா ஆறு பாயும் ஒங்கோல் வட்டாரம். 1904-இல் குண்டூர் மாவட்டம் அமைக்கப்படும்வரை ஒங்கோல், சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் அம்மாடு இரு பெயர் பெற்றது. அந்நாட்டு உழவர் அதனை ஏருக்கும் பார வண்டிக்குமே வளர்த்தனர், இறைச்சிக்காக அன்று.

1868-இல் இவ்வினத்து மாடுகள் இரண்டு பிரேசில் நாட்டுச் சால்வடார் துறைமுகத்தில் இறங்கின. பத்தாண்டுகளுக்குப் பின், அந்நாட்டுப் பண்ணையாளர் மனோயல் லெம்குரூபர் என்பார் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விலங்குக் காட்சிச் சாலையிலிருந்து ஓர் இணையைப் பெற்றார். ஐரோப்பிய மாடுகள் அந்நாட்டு வெயிலிலும் உண்ணித் தொல்லையிலும் நலிந்தன. நம் மாட்டுக்கோ, வெயிலை எதிரொளிக்கும் வெண்மயிரும், அதன்கீழ்க் கருந்தோலும், வெப்பத்தைத் தணிக்கும் தளர்ந்த தோல் மடிப்பும் இயற்கைக் கொடையாய் அமைந்திருந்தன.

ஆயின், இயற்கைக் கொடை மட்டும் போதுமா? போதாதென உணர்ந்த பிரேசில் நாட்டார், 1938-இல் இனத்தின் இலக்கணத்தை வரையறுத்து வம்சப் பதிவேட்டைத் தொடங்கினர். எந்தக் கன்றுக்கு எந்தக் காளை தந்தை, எத்தனை மாதத்தில் எவ்வளவு எடை, எந்தப் பசு தவறாது ஈனும் என்பனவற்றை எழுதி, சிறந்தவற்றையே இனவிருத்திக்குக் கொண்டனர். 1960-களின் தொடக்கத்தில் மீண்டும் இங்கிருந்து காளைகளைக் கொண்டுசென்றனர். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றின் பெயர் 'கர்வாடி'. ஒங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி என்னும் சிற்றூரின் பெயரே அது.

இன்று 'நெலோர்' அந்நாட்டின் தலையாய இறைச்சி மாட்டினம். 2023-இல் 'வியாத்தினா-19' என்னும் அவ்வினப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு விற்றபோது, முழுப் பசுவின் மதிப்பு நாற்பது இலட்சம் டாலருக்கும் மேற்பட்டது. அதன் எடையோ 1,100 கிலோ அளவினது.

கொல்லாமையைப் போற்றும் ஊரில் வாழும் எனக்கு இச்செய்தி பெருமையும் வருத்தமும் ஒருங்கே தருகின்றது. ஏருக்கெனப் பிறந்த இனம் அங்கே இறைச்சியாயிற்று. டிராக்டர் வந்தபின் இங்கே தொழுவங்கள் வெறுமையாயின. இவற்றுள் எதனைப் பெரும்பிழை என்பேன்?

வகுப்பறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் வருகைப் பதிவேட்டைக் கையாண்டவன் நான். பெயர் எழுதப்படாத பிள்ளை வராமற்போனால், அவன் இல்லாமையும் தெரிவதில்லை. எங்கள் ஊரில் இறுதியாக நெல்லூர்க் காளை வைத்திருந்த முதியவரிடம் அதன் தாய் தந்தையர் பற்றி ஒருநாள் வினவினேன். "சந்தையில் பிடித்தது ஐயா, யாருக்குத் தெரியும்?" என்றார்.

குறை அவருடையதன்று. தம்மிடமுள்ள நல்லினத்தின் வம்சத்தை இனியேனும் ஒரு நோட்டில் குறித்துவைக்குமாறு உழவர் பெருமக்களை வேண்டுகின்றேன். உழவர் வீட்டுப் பிள்ளைகளே அதனை எழுதலாம்.