பிரிட்டனில் குடியேறியோரின் தாய்நாட்டு வருமானமும் வரிச் சட்டமும்: 1799 முதல் 2025 வரை

ஒரு தேசத்தில் குடியிருந்து, அதன் சாலைகளையும் நீதிமன்றங்களையும் காவலையும் அனுபவித்துக்கொண்டே, தான் விட்டுவந்த தேசத்திலிருந்து வாடகையோ வட்டியோ லாபப் பங்கோ பெறுகிற ஒருவர், அவ்வருமானத்தின்பொருட்டு எந்தச் சர்க்காருக்கு வரி செலுத்தக் கடமைப்பட்டவர் என்னும் கேள்விக்கு, பிரிட்டிஷ் சட்டம் 226 ஆண்டுகள் ஒரு விசேஷமான விடையை வைத்திருந்தது. பணத்தைப் பிரிட்டனுக்குள் கொண்டுவந்தால் வரி உண்டு. வெளியிலேயே நிறுத்தி வைத்தால் இல்லை. இவ்விடையின் சரித்திரத்தை ஆதியிலிருந்து ஆராய்வோர்க்கு, ஒரு காலத்துச் சர்க்காரின் இயலாமை பிற்காலத்தில் ஒரு சாராரின் உரிமையாக மாறிய வரலாறு தெளிவாகப் புலப்படும்.

புரட்சிப் பிரான்ஸுடன் நடந்த யுத்தத்தின் செலவை ஈடுகட்ட வழி தேடிய பிரதம மந்திரி இளைய பிட், 1799 இல், 200 பவுனும் அதற்கு மேலும் வருமானமுள்ளோரிடம் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டபோது, பிரிட்டனில் இருந்த செல்வர் பலருக்கு மேற்கிந்தியத் தீவுகளில், அடிமைகளின் உழைப்பால் விளைந்த கரும்புத் தோட்டங்கள் இருந்தன. ஜமெய்க்காவில் ஒரு தோட்டம் அவ்வாண்டு எவ்வளவு விளைந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பதை லண்டனிலிருந்த வரி அதிகாரி அறிவதற்கு மார்க்கமே இல்லை; துறைமுகத்தில் வந்திறங்கிய சர்க்கரையையும், வர்த்தகர் மாற்றிக் கொடுத்த உண்டியலையும் மட்டுமே அவர் காண முடியும். ஆகவே கண்ணுக்கு எட்டியதற்கு மட்டும் வரி என்பது அன்று தர்ம நியாயத்தால் அன்று, சாத்தியத்தின் எல்லையால் ஏற்பட்டது. 1816 இல் ஒழிக்கப்பட்ட வருமான வரியைச் சர் ராபர்ட் பீல் 1842 இல் மீட்டுக் கொண்டுவந்தபோதும் இந்த எல்லை அப்படியே நின்றது. அயல்நாட்டு உடைமைகளைப் பற்றிய பிரிவு, அனுப்பப்பட்ட பணம், இறக்குமதியான சரக்கு, அவற்றை நம்பிப் பெற்ற கடன் என்று பணம் உள்ளே நுழையும் வாயில்களை எண்ணிச் சொன்னதே தவிர, வாயிலுக்கு அப்பால் இருந்ததை விசாரிக்கவில்லை. அக்காலத்தில் இவ்விதி ஆங்கிலேயர்க்கும் அயலார்க்கும் பொதுவாகவே இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அந்தப் பொதுத்தன்மை 1914 இல் முறிந்தது. தந்தியும் நீராவிக் கப்பலும் உலகத்தைச் சுருக்கிவிட்ட காலத்தில், ஆங்கிலேய முதலீட்டாளர் தம் அயல்நாட்டு லாபத்தை அங்கேயே மீண்டும் முதலீடு செய்து வரியினின்றும் தப்புவதற்கு எந்த முகாந்திரமும் இல்லையென்று கருதிய நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ், அயல்நாட்டுப் பங்குகள், கடன் பத்திரங்கள், வாடகைகள் ஆகியவற்றின் வருமானத்துக்கு, அது எங்கே தங்கினாலும் ஈட்டியபோதே வரி என்று சட்டம் செய்தார். ஆனால் பிரிட்டனில் நிரந்தர வாசஸ்தலம் இல்லாதவர்க்கு இப்புது விதி செல்லாது என்னும் விலக்கும் அதே சட்டத்தில் இடம்பெற்றது. இச்சரித்திரத்தின் திருப்பம் அந்த விலக்கில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. ஒரே வீதியில், ஒரே அளவு ஐசுவரியத்துடன், அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த இருவருள் ஒருவர் முழு வருமானத்துக்கும் வரி செலுத்த, மற்றவர் தாம் உள்ளே கொண்டுவந்ததற்கு மட்டும் செலுத்தும் நிலை அன்று சட்டபூர்வமாயிற்று.

நிரந்தர வாசஸ்தலம் என்பது யாது? ஆங்கிலச் சட்டத்தில் அது வசிப்பும் அன்று, பிரஜா உரிமையும் அன்று. ஒருவர் பிறப்பால், பெரும்பாலும் தந்தைவழியாக, பெறுவது. வேறொரு நாட்டில் வாழ்ந்து, அங்கேயே கடைசிவரை இருந்துவிடுவது என்னும் உறுதியான எண்ணம் கொண்டாலன்றி அது நீங்குவதில்லை. இவ்விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1904 இல் பிரபுக்கள் சபை தீர்த்த வினான்ஸ் வழக்கு காட்டுகிறது. அமெரிக்கராகிய வில்லியம் லூயிஸ் வினான்ஸ், ருஷ்ய ரயில்வேக்களில் பெரும் பொருள் ஈட்டிய பின், ருஷ்யக் குளிர் உடலுக்கு ஆகாதென்று 1860 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்து, 1897 இல் இறக்கும்வரை ஏறக்குறைய 37 ஆண்டுகள் பெரும்பாலும் அங்கேயே கழித்தார். ஆயினும் பால்டிமோரில் நிலம் வாங்கித் துறைகள் கட்டவேண்டும், சுருட்டு வடிவக் கப்பல்களை இயற்றிக் கடல் வாணிகத்தை ஆங்கிலேயரிடமிருந்து அமெரிக்காவுக்கு மீட்கவேண்டும் என்னும் கனவை அவர் ஒருநாளும் கைவிடவில்லை. அக்கனவு இருந்தமையால் அவருடைய மூல வாசஸ்தலம் மாறவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அவ்வழக்கு மரபுரிமைத் தீர்வையைப் பற்றியதேயாயினும், வாசஸ்தலத்துக்கு அது வகுத்த அளவுகோல், பத்து ஆண்டுகளுக்குப் பின் எழுந்த வருமான வரி விலக்குக்கும் அளவுகோலாயிற்று. நிறைவேறாத ஆசையொன்றை நெஞ்சில் வைத்திருப்பது வரிவிலக்குக்குப் போதுமான ஆதாரமாகலாம் என்றால், உண்மையாகவே ஊர் திரும்ப ஏங்குகிறவரையும் வரிக்காக அவ்வாறு சொல்லிக்கொள்பவரையும் எந்த அதிகாரி பிரித்தறிவார்?

இதே காலத்தில் இந்தியச் சட்டம் வேறு வழியில் சென்றது. 1922 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே நடந்த வியாபாரத்தின் லாபம் உள்ளே கொண்டுவரப்பட்டால் வரி என்னும் கொள்கையை ஏற்றது. மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்தி, செட்டிநாட்டுக்குப் பணம் கொணர்ந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரை அது நேராகத் தொட்டது. ரங்கூன் லாபமோ, பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியாயிருந்தவரை, உள்நாட்டு வருமானமாகவே எண்ணப்பட்டது. 1937 இல் பர்மா பிரிந்ததும் அது அயல்நாட்டு வருமானமாயிற்று. இரண்டு ஆண்டுகளில், 1939 இன் திருத்தம், இந்தியாவில் வசிப்போரின் அயல்நாட்டு வருமானத்துக்கு ஈட்டியபோதே வரி விதித்து, சாதாரணமாக வசிக்காதவர் என்னும் வகுப்பாருக்கு மட்டும் சலுகை அளித்தது. அந்த வகுப்பு 1961 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்ந்தது. முந்திய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் இந்தியாவில் வசிக்காதவரோ, முந்திய 7 ஆண்டுகளில் 729 நாட்களுக்கு மேல் இங்கே இராதவரோ அதில் அடங்குவர். சென்னைக்கு வேலைக்கு வரும் ஜப்பானியர் ஒருவரின் ஊர் வாடகைக்கு முதல் சில ஆண்டுகள் வரி இல்லாதிருப்பது இதனாலேயே. அவர் மனத்தை யாரும் கேட்பதில்லை, நாட்களை எண்ணுகிறார்கள். இங்கிலாந்து கற்றுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் பிடித்த பாடம் இது.

அங்கே, கொண்டுவருதல் என்றால் என்ன என்பதைப் பற்றியே சச்சரவுகள் மிகுந்தன. நியூயார்க் வங்கியிலிருந்த தம் டாலர் வருமானத்தின்மேல் காசோலை எழுதி, அதை லண்டனில் வங்கிக்கு விற்றுப் பவுனாகப் பெற்ற ஒருவரின் செயலும் கொண்டுவருதலேயாகும் என்று 1960 இல் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. வருமானம் பிறந்த கணக்கை மூடிவிட்டு அடுத்த வரியாண்டில் பணத்தைக் கொண்டுவந்தால், மூலம் அழிந்துபோனமையால் வரி இல்லை என்னும் நூதன உபாயம் 2008 வரையில் செல்லுபடியாயிற்று. நல்ல கணக்கரை அமர்த்திக்கொள்ளும் வசதியுள்ளவர்க்கே இவையெல்லாம் எட்டின.

2008 இல், ஒன்பது ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் வசித்துவிட்ட அயலார், இச்சலுகை வேண்டுமாயின் ஆண்டுக்கு 30,000 பவுன் செலுத்தவேண்டும் என்றாயிற்று. பின்னர் நெடுநாள் வசித்தோர்க்கு அது 60,000, 90,000 என்று உயர்ந்தது. வருமானம் எவ்வளவாயினும் ஒரே தொகை என்பதால், கோடிகளில் புரள்வோர்க்கு அது வரியாக அன்றி, அனுமதிச் சீட்டின் விலையாகவே அமைந்தது. 2017 இல், 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் வசித்தவர் என்ன எண்ணியிருப்பினும் பிரிட்டனிலேயே வாசஸ்தலம் கொண்டவராகக் கருதப்படுவார் என்று விதித்தபோதுதான், எண்ணத்தின் ஆட்சி முதன்முறையாக ஆண்டுகளின் ஆட்சிக்கு இடம் கொடுத்தது. 2022 ஏப்ரலில், அன்றைய நிதி மந்திரி ரிஷி சுனக்கின் மனைவியார் இந்திய வாசஸ்தலத்தின் பேரில் இச்சலுகையைப் பெற்றுவந்தது வெளிப்பட்டு, இனித் தம் உலக வருமானம் முழுவதற்கும் பிரிட்டனில் வரி செலுத்துவதாக அவர் அறிவித்த பின், பொது ஜனங்களுக்கு இவ்விதி ஒரு சட்ட நுட்பமாகத் தோன்றவில்லை. 2024 மார்ச்சில் கன்ஸர்வேடிவ் நிதி மந்திரி ஜெரமி ஹன்ட் அறிவித்த ஒழிப்பை, அடுத்து வந்த தொழிற்கட்சி அரசாங்கம் நிறைவேற்ற, 2025 ஏப்ரல் 6 முதல் வாசஸ்தலம் வருமான வரியிலிருந்து நீங்கியது. பத்து ஆண்டுகள் தொடர்ந்து வெளியே வாழ்ந்து பிரிட்டனுக்கு வருகிறவர், முதல் நான்கு ஆண்டுகள் தம் அயல்நாட்டு வருமானத்துக்கு வரியின்றி, அதை உள்ளே கொண்டுவரவும் கூடும். ஐந்தாம் ஆண்டிலிருந்து எல்லாரையும் போலவே அவரும்.

செல்வரை நோக்கி எய்யப்பட்ட இச்சீர்திருத்தம் சிறியவர் சிலரையும் தைத்திருக்கிறது என்பதை நான் வருத்தத்துடன் குறிப்பிடவேண்டியிருக்கிறது. பழைய முறையில், நிரந்தர வாசஸ்தலம் இல்லாதவர் வெளியிலேயே வைத்திருந்த வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுனுக்குக் குறைந்திருந்தால், மனுவும் கட்டணமும் இன்றி அது வரிக்கு வெளியே நின்றது. புது முறையில் அந்தச் சிறு அடைக்கலம் இல்லை. முதல் நான்கு ஆண்டுச் சலுகையைக் கோருகிறவர் 12,570 பவுன் வரையிலான சொந்த வருமான விலக்கை இழக்கவேண்டும். லண்டன் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரியும் ஒரு பெண், மதுரை வீட்டின் வாடகைக்காக அச்சலுகையைக் கேட்டால், பெறுவதைவிட இழப்பதே மிகுதியாகலாம். அவ்வாடகைக்கு இந்தியாவில் செலுத்திய வரியை 1993 இல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கழித்துக்கொடுக்கும். ஆனால் அவர் சிறுகச் சிறுகச் சேர்த்து, வெளிநாடுவாழ் இந்தியர்க்குரிய என்.ஆர்.ஈ. வங்கிக் கணக்கில் போட்டுவைத்த பணத்தின் வட்டிக்கு இந்தியா வரி கேட்பதில்லையாதலால் கழிப்பதற்கு ஒன்றுமில்லை; அந்த வட்டியும் அவருடைய பிரிட்டிஷ் வருமானத்தோடு சேர்த்தே எண்ணப்படும்.