கோரேகாவ்: கதையும் கல்லும்

500 மகார்கள் சேர்ந்து 28,000 பேர் கொண்ட பேஷ்வா படையை ஒரே நாளில் துவம்சம் பண்ணினார்கள் என்று நம்ம மேடைகளில் சொல்றாங்க. கைதட்டல் பலமா விழுது. நான் இதை உரசிப் பார்க்கச் சொல்கிறேன். நாம் உரசாவிட்டால் எதிரி உரசுவான். பொய்யைக் காட்டி மெய்யையும் தூக்கியெறிவான்.

1818 ஜனவரி 1. பூனாவுக்கு வடகிழக்கே பீமா நதிக்கரையில் சின்ன ஊர் கோரேகாவ். சிரூரிலிருந்து ராத்திரியெல்லாம் நடந்துவந்த கும்பினிப் படை சுமார் 800 பேர். தலைமை கேப்டன் ஸ்டான்டன். காலாட்கள் சுமார் 500. அதில் மகார்கள் நிறையப் பேர். மராத்தியரும் முஸ்லிம்களும்கூட உண்டு. இரண்டு பீரங்கிகளை இயக்கியது மதராஸ் பீரங்கிப் படை. எதிரே இரண்டாம் பாஜிராவின் பெரும்படை. ஆனால் அது மொத்தமாக மோதவில்லை. ஊருக்குள் புகுந்து தாக்கியவர்கள் சுமார் 2,000 பேர். அவர்களில் அரபுகளும் கோசாயிகளும் இருந்தார்கள்.

பகல் முழுக்கச் சோறில்லை, தண்ணியில்லை. ஒரு பீரங்கி பறிபோய்த் திரும்பவும் மீட்கப்பட்டது. கும்பினிப் பக்கம் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் 275 பேர். ராத்திரி தாக்குதல் ஓய்ந்தது. ஜெனரல் ஸ்மித்தின் படை வருகிறதென்று பேஷ்வா விலகிப்போனார். ஸ்டான்டனும் சிரூருக்குத் திரும்பினார். ஊரைக் காத்தார்கள்; பேஷ்வாவை அழிக்கவில்லை. அவர் சரணடைந்தது 1818 ஜூனில்.

மகார்கள் தீண்டாமையை ஒழிக்கவே அன்று துப்பாக்கி எடுத்தார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை. அவர்கள் சம்பளச் சிப்பாய்கள். வெள்ளைக்காரனும் நன்றியுள்ளவனல்ல, 1890களில் மகார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டான்.

அப்படியானால் என்ன மிஞ்சுகிறது? கல் மிஞ்சுகிறது. கும்பினி தன் பெருமைக்கு நட்ட தூண்தான் அது. அதில் பொறித்த 49 பேரில் 22 பேர் மகார்கள். 'நாக்' என்று முடியும் பெயர்கள். பேஷ்வா ஆட்சியில், பூனாவில், தீண்டத்தகாதவர் தன் காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பம் கட்டி நடக்கவேண்டியிருந்தது என்று 1936ல் அம்பேத்கர் எழுதினார். தடமே பதியக்கூடாதென்ற மண்ணில் பேர் பதிந்திருக்கிறது. 1927 ஜனவரி 1 அன்று அவர் அந்தத் தூணின்முன் வந்து நின்றார். அதிலிருந்து அது வெள்ளைக்காரன் தூணாக இல்லை, நம்ம தூணாகிவிட்டது.

28,000 என்ற எண்ணை விட்டுக்கொடுங்கள், தோழர்களே. 22 பெயர்களை விட்டுக்கொடுக்காதீர்கள். அவற்றை எந்தக் கொம்பனாலும் மறுக்க முடியாது.